பெயர் போடாத தாள்

அவர் யார் வீட்டிலும் டீ குடிக்கமாட்டார். குன்னூரில் இருந்துகொண்டு, சுற்றிலும் தேயிலையை வைத்துக்கொண்டு, மாதம் நாலு வீடு ஏறி இறங்குகிற வேலையும் செய்துகொண்டு ஒருத்தர் டீ வேண்டாம் என்பது சாதாரண விஷயம் இல்லை. மனிதர்களுக்குக் கோபம் வரும். என் மனைவிக்கு வந்தது. அவர் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொண்டுவந்து வைத்தாள். "வேண்டாமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தோள்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்டீல் ஃப்ளாஸ்க்கை எடுத்து அதன் மூடியிலேயே ஊற்றிக் குடித்தார். அவர் போன பிறகு என் மனைவி கேட்டாள்: "நம்ம ஊட்டு டம்ளர்ல அப்படி என்ன ஒட்டியிருக்குதாமா?"

பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. இன்னைக்கு உங்க ஊட்ல டீ குடிச்சனா, அடுத்த மாசம் நீங்க ஒண்ணு எழுதிக் குடுப்பீங்க. நல்லா இல்லைன்னாலும் போடோணும்னு தோணும். டீ உள்ள எறங்கிட்டா அப்பறம் 'இது வேண்டாம்'னு சொல்ல வாய் வராதுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

எங்களுடையது வலிப்பு நோய் உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்திய சின்னக் குழு. இரண்டாம் சனிக்கிழமைகளில் ஓர் ஆரம்பப் பள்ளியின் வகுப்பறையில் கூடுவோம். முழங்கால் இடிக்கும் குட்டி பெஞ்சுகளில் உட்கார்ந்து, எந்த மாத்திரைக்குத் தூக்கம் வருகிறது, யாருடைய பையனை எந்தப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள் என்று பேசுவோம். என் மகள் சுமதிக்குப் பதினோரு வயதில் முதல் வலிப்பு வந்தது. அப்படித்தான் நான் அங்கே போனேன். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் செயலாளர் ஆனேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு குமாஸ்தா வேலை. தலைவர் ஓய்வுபெற்ற ஒரு டாக்டர்.

டீ குடிக்காத அவர்தான் குழுவின் பத்திரிகையை நடத்தினார். பத்திரிகை என்பது பெரிய வார்த்தை. எட்டுப் பக்கம், கறுப்பு மை, நடுவில் ஒரே ஒரு பின். அதற்குப் பெயரே வைக்கவில்லை. பெயர் வைத்தால் தபால்காரர் படிப்பார், பக்கத்து வீடு படிக்கும் என்றார். பழுப்புக் கவரின் மேல் வாங்குகிறவர் பெயரும் விலாசமும் மட்டும், அவருடைய சாய்வான கையெழுத்தில். அனுப்புகிறவர் இடத்தில் ஒரு தபால் பெட்டி எண். நாங்கள் அதைத் 'தாள்' என்றே சொன்னோம். "இந்த மாசம் தாள் வந்துச்சுங்களா?"

அவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அக்கா. என்னைவிட நான்கு வயது சின்னவர், நானும் அக்கா என்றேன். பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, அரவங்காடு தாண்டி ஒரு வரிசை வீட்டில் தனியாக இருந்தார். அவருக்கும் அந்த நோய் இருந்தது. கேட்டால் மறைக்கமாட்டார். கேட்காதவர்களிடம் சொல்லவும்மாட்டார்.

தாள் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். உறுப்பினர் வீடுகளில் வருடத் தொடக்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். கொடுக்க முடியாதவர்கள் தபால் தலையாகக் கொடுப்பார்கள். நாலு ஸ்டாம்பை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்து அவர் கையில் திணிப்பார்கள். யார் கொடுத்தது, எவ்வளவு என்று ஒரு நாளும் அச்சில் போட்டதில்லை. "பேரு போட்டா அடுத்த வருசம் பெருசா போடோணும்பாங்க" என்பார்.

பேங்கில் வேலை பார்த்த ஒரு உறுப்பினர் கவிதை எழுதுவார். நம்பிக்கை, விடியல், சிறகு என்று வரிக்கு ஒன்று வரும். ஒருநாள் கேத்தியிலிருந்து வரும்போது கவிதையோடு ஒரு பை நிறைய கேரட்டும் கொண்டுவந்தார். மண் போகாத, இலையோடு இருந்த நல்ல கேரட். அக்கா கவிதையைப் படித்தார். பையையும் கவிதையையும் ஒன்றாகவே திருப்பிக் கொடுத்தார். "கேரட்டு நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் ஆறு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. எங்களுக்கெல்லாம் சங்கடமாக இருந்தது. ஒரு கவிதையைப் போட்டுத் தொலைத்தால்தான் என்ன?

தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு மாதமும் அதே கட்டம். 'வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவி, இரும்பு எதையும் கையில் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.' தலைவர் ஒரு கூட்டத்தில், "மாசாமாசம் இதே தானா? அந்த எடத்துல வேற ஏதாச்சும் போடலாமே" என்றார்.

"மாசாமாசம் புதுசா யாராச்சும் ஒருத்தர் விழறாங்களே டாக்டர்" என்றார் அவர்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. எந்தச் செய்தி வந்தாலும், "ஒரு நடை போயிட்டு வந்துர்றேன்" என்பார். நேரில் பார்க்காமல் போடமாட்டார். கூடலூர்ப் பக்கம் ஒருவர் லேகியம் விற்றார். மூன்று மாதத்தில் வலிப்பு அடியோடு போய்விடும் என்றார். அரைப்பக்கம் விளம்பரம் போட்டால் ஒரு வருட அச்சுச் செலவையும் தானே ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுதினார். குணமானவர்கள் என்று மூன்று விலாசமும் கொடுத்திருந்தார். இவர் காலையில் முதல் பஸ் பிடித்து ஊட்டி போய், அங்கிருந்து கூடலூர் இறங்கி, அந்த மூன்று விலாசத்தையும் தேடிப்போனார். அடுத்த தாளில் நாலே வரி வந்தது: 'மூவரில் ஒருவர் லேகியக்காரரின் மைத்துனர். ஒருவர் அந்த விலாசத்தில் இல்லை. ஒருவர் லேகியத்தோடு ஆஸ்பத்திரி மாத்திரையையும் சாப்பிடுகிறார். இதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.'

இப்படிப்பட்ட ஆளை மதிக்கலாம். பக்கத்தில் வைத்துக்கொள்வது கஷ்டம். அது எனக்குப் புரிந்தது சுமதியின் கடிதம் வந்தபோது.

அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழை பார்க்கத் தாளை எனக்கு அனுப்புவார். ஒரு தடவை அதில் 'ஓர் உறுப்பினரின் மகள்' என்று ஒரு கடிதம் இருந்தது. 'நான் அடுப்புப் பக்கம் போகக்கூடாது. மாடிப்படி ஏறக்கூடாது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினேன். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் சேர்த்தால் அங்கே விழுந்துவிடுவேனாம். நான் வருடத்தில் இரண்டு தடவை விழுகிறேன். மீதி நாளெல்லாம் என் அப்பா விழுந்துவிடுவேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.'

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் அந்த வீட்டுக்குள் போனதில்லை. ஒரே ஆள் இருக்கிற வீடு என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். ஒரு ஜோடி செருப்பு, ஒரு குடை. உள்ளே ஒரே ஒரு நாற்காலி. மேசையின் நாலு முனையிலும் பழைய சேலைத் துணியைச் சுருட்டிக் கட்டியிருந்தார். விழுந்தால் தலையில் அடிபடாமல் இருக்க. தன்னைத் தாங்க ஆள் இல்லை என்பதை ஒருத்தர் எவ்வளவு ஒழுங்காக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது. ஆனாலும் கோபம் போகவில்லை.

"இதைப் போட வேண்டாங்க்கா."

"ஏனுங்க, பொய்யா?"

"பொய்யின்னு சொல்லலை. எங்க ஊட்டு விசயம்."

"பேரே இல்லைங்களே."

"எனக்குத் தெரியுமில்ல?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். "செயலாளருக்குப் பிடிக்கலைன்னு இன்னைக்கு ஒரு கடுதாசிய எடுத்தனா, நாளைக்குத் தலைவருக்கு ஒண்ணு பிடிக்காது. அடுத்த நாளு மருந்துக்கடைக்காரருக்கு. கடைசில குன்னூர்ல மழை பெஞ்சுதுன்னு மட்டும்தானுங்க நான் எழுத முடியும். நீங்க பதில் எழுதுங்க. அதையும் பக்கத்துலயே போடறேன்."

நான் எழுதவில்லை. கடிதம் தாளில் அச்சாகி வந்தது. இரண்டு மாதம் அவரோடு பேசாமலே கவர் ஒட்டினேன். அவர் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டவில்லை. எனக்கு வலது பக்கம் உட்கார்ந்து விலாசம் எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த ஜூனில் சுமதியைக் கோயமுத்தூர் கல்லூரியில் சேர்த்தேன். அதற்காக அவருக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை.

அப்போதுதான் தேயிலை விலை விழுந்தது. பச்சை இலைக்குக் கிடைத்த விலை பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. தோட்டங்களைப் பறிக்காமல் விட்டார்கள். இடுப்பளவு நின்ற செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தேயிலையும் மரம்தான் என்று காட்டின. எங்கள் தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள் ஓடியது, எனக்கும் மூன்று நாள் சம்பளம். எமரால்டு, தேவர்சோலை, கோத்தகிரிப் பக்கமெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். தாள் போன கவர்கள் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வர ஆரம்பித்தன. ஸ்டாம்ப் கொடுப்பது நின்றது. எட்டுப் பக்கம் நாலாகி, நாலு இரண்டானது. இரண்டே பக்கமான பிறகும் அந்தக் கடைசிக் கட்டம் இருந்தது.

அதைவிட மோசமான ஒன்று நடந்தது. ஒரு கூட்டத்தில் ஒருவர், இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளை ஆக்கிவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் தன் பையனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதாகச் சொன்னார். நான் சுமதியை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக் கம்பெனியின் ஆள் வந்தார். கோயமுத்தூர்க்காரர், இளைஞர், கழுத்தில் டையும் அதன்மேல் ஸ்வெட்டரும். மரியாதையான பையன், குறை சொல்ல முடியாது. குட்டி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு சொன்னார். பத்திரிகையைக் கலரில், வழவழப்பான தாளில் கம்பெனியே அச்சடிக்கும். தபால் செலவும் அவர்களுடையது. வாங்க முடியாத குடும்பங்களுக்கு மூன்று மாதம் மாத்திரை இலவசம். பத்திரிகைக்கு ஒரு பெயர் வேண்டும், கவரில் கம்பெனிப் பெயர் வேண்டும். அச்சுக்குப் போகும் முன் மேட்டரைக் கோயமுத்தூர் ஆபீஸ் ஒரு தடவை பார்க்கும்.

"பாத்துட்டு?" என்று கேட்டார் அக்கா.

"சும்மா பாத்துட்டுக் குடுத்துருவாங்க மேடம்."

"வேண்டாம்னு எதையாச்சும் சொல்லுவாங்களா?"

"சேச்சே, அப்படியெல்லாம் சொல்லமாட்டாங்க மேடம்."

"அப்ப எதுக்குங்க பாக்கறாங்க?"

அந்த இளைஞர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் மட்டும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாத்திரைய டாக்டர் கையில குடுங்க, அவரு பாத்துக் குடுக்கட்டும். தாளை விட்டுருங்க" என்றார். இரண்டும் ஒரே திட்டம், பிரிக்க முடியாது என்றார் அந்த இளைஞர்.

கமிட்டியில் ஏழு பேர். தலைவர் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன். தூக்கும்போது அக்கா பக்கம் பார்க்காமல், முன்னால் இருந்த பெஞ்சில் எவனோ காம்பஸால் கீறி வைத்திருந்த ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு கைகள். அவருடையது மட்டும் மடியில் இருந்தது.

வெளியே மூடுபனி. பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் கூட நடந்தேன். ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சுமதிக்கு மாத்திரை வேணுமுங்க. நீங்க தூக்கினதுல தப்பில்லை" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "என்னால அதுல இருக்க முடியாதுங்க" என்றார். அடுத்த வாரம் விலாச நோட்டையும் ரப்பர் ஸ்டாம்பையும் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

புதுப் பத்திரிகை வந்தது. பார்க்க அழகாக இருந்தது. அட்டையில் சூரிய உதயம், பேங்க்காரரின் கவிதை. கட்டம் இல்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார், எடம் பத்தலை" என்றார்கள் கம்பெனியில். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரிகையின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அதில் வலிப்பு என்ற சொல்லும் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

எமரால்டில் புதிதாகக் கல்யாணமாகிப் போயிருந்த ஒரு பெண் எங்கள் உறுப்பினர். பிறந்த வீட்டில் இருந்தபோது அவளுக்குப் பழுப்புக் கவர் போகும். கல்யாணத்துக்குப் பிறகு அவளே விலாசம் மாற்றி எழுதியிருந்தாள். அந்த வீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போய்ச் சேர்ந்தது. மாமியார் வாங்கினார். பத்தே நாளில் அந்தப் பெண் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். அவள் அப்பா என்னைத் தேடித் தொழிற்சாலைக்கே வந்தார். சத்தம் போடவில்லை. உறையை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

எனக்கு வேறு யாரிடம் போகத் தெரியும்? அக்கா வீட்டுக்குத்தான் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு நடை போயிட்டு வரலாமுங்க" என்றார்.

எமரால்டில் அந்த வீடு ஒரு கேரட் காட்டின் மேட்டில் இருந்தது. மாமியார் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. பயந்த மனுஷி.

"மறைச்சுத்தானுங்களே கட்டி வெச்சாங்க? எம்பையன் என்னங்க பாவம் பண்ணினான்?"

"மறைச்சது தப்புதானுங்க" என்றார் அவர். "ஆனா அந்தப் புள்ள மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்குது. ரெண்டு வருசமா ஒரு தடவைகூட வரலை. எனக்கும் அதே நோவுதானுங்க. இருவத்தி ரெண்டு வருசம் ஆபீஸ்ல வேலை பாத்தேன். தனியா சமைச்சுச் சாப்பிடறேன். பஸ் ஏறி இங்க வந்து உங்ககிட்டப் பேசிட்டு இருக்கறேன்."

அந்த அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க."

"ஏனுங்க?"

அவர் காட்டுப் பக்கம் திரும்பினார். காட்டில் யாரோ கேரட் பிடுங்கி உதறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நாங்கள்தான் இறங்கி வந்தோம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். லவ்டேல் தாண்டும்போது, என்னிடம் சொல்வதாக இல்லாமல், "கேட்டது சரியான கேள்விதானுங்க" என்றார். பிறகு அவராகவே சொன்னார். பதினாலு வயதில் பள்ளிக்கூட மைதானத்தில், காலைப் பிரார்த்தனையின்போது முதல் தடவை விழுந்தாராம். கண் விழித்தபோது சுற்றி நின்ற கூட்டத்தில் அவருடைய சிநேகிதி ஒருத்தியும் இருந்தாள். அந்தப் பெண் மறுநாளிலிருந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். "அவ மேல கோவமில்லைங்க. அவளுக்கு யாருமே ஒண்ணும் சொல்லித்தரலை" என்றார். ஒவ்வொரு மாதமும் ஏன் அந்தக் கட்டத்தைப் போட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த எமரால்டு பெண் திரும்பவும் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை.

கம்பெனி மூன்று இதழ் போட்டது. நான்காவது வரவில்லை. அந்த இளைஞருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவர் இந்த வருடம் அந்தத் திட்டம் இல்லை என்றார். இலவச மாத்திரையும் நின்றது. சுமதிக்கு எப்படியோ வாங்கினேன். பல வீடுகளில் அப்படியே நிறுத்திவிட்டார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் எங்களிடம் இப்போது தாள் இல்லை.

அக்கா விலாச நோட்டைத் திரும்பக் கேட்டார். மழைக்காலம். குடையை எடுத்துக்கொண்டு, பஸ் போகிற இடத்துக்குப் பஸ்ஸிலும் போகாத இடத்துக்கு நடந்தும் போனார். அரசு ஆஸ்பத்திரியில் பழைய வகை மாத்திரை கிடைக்கும், போய்க் காட்டுங்கள், டாக்டர் சொல்கிற மாதிரி மெதுவாக மாற்றுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். சில வீடுகளில் பூட்டு தொங்கியது. சில வீடுகளில், "நீங்கதான் விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்றார்களாம். அதையும் என்னிடம் வந்து சொன்னார், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

போக முடியாத வீடுகளுக்காக ஒரே ஒரு தாள் போடுவதாகச் சொன்னார். முன்னும் பின்னும் அச்சு, சாதாரணக் காகிதம். "ஒரு பக்கம் நீங்க எழுதோணுமுங்க" என்றார்.

"என்ன எழுதறது?"

"ஏன் கை தூக்கினீங்கன்னு."

"தண்டனையாங்க்கா?"

"அய்யோ, இல்லைங்க. இன்னொரு நாளு, இன்னொருத்தரு வந்து குடுக்கறேம்பாங்க. அன்னைக்கும் யாருக்காச்சும் கை தூக்கோணும்னு இருக்கும். அவங்க படிக்கட்டும்."

நான்கு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். அவர் ஒன்பது வரியாக்கினார். 'அக்கா ஒருவர் மட்டுமே வரப்போவதை உணர்ந்திருந்தார்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்தார். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 'கம்பெனி எங்களை ஏமாற்றிவிட்டது' என்ற வரியையும் அடித்தார்.

"ஏமாத்தலைங்களே. மூணு மாசம்னு சொன்னாங்க, மூணு மாசம் குடுத்தாங்க. அப்பறம் என்னன்னு நாம கேக்கலை. நாம கேக்கலைன்னு எழுதுங்க."

"நீங்க கேட்டீங்களேக்கா?"

அவர் யோசித்தார். "மாத்திரையப் பத்தி நான் கேக்கலைங்க. தாளைப் பத்தி மட்டும்தான் கேட்டேன்" என்றார். பேனாவை வாங்கி, 'நாம் யாரும் கேட்கவில்லை' என்று திருத்தினார்.

அந்த ஒற்றைத் தாள் இன்னும் சில மாதம் வந்தது. குழு கூடுவது நின்றுபோனது. தலைவர் சென்னைக்கு மகனிடம் போய்விட்டார். கவர் ஒட்ட நானும் அவரும் மட்டும் மிஞ்சினோம். பிறகு அவரால் முடியவில்லை. கடைசித் தாளில் அவர் எழுதியது இரண்டே வாக்கியம்: 'இந்தத் தாள் இத்துடன் நிற்கிறது. நீங்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.'

அதற்கு அப்புறம் அவரை நான் அதிகம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. தாள் இல்லாதபோது அவர் வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். மார்க்கெட்டில் பார்த்தால், "சுமதி நல்லா இருக்குதுங்களா?" என்பார். ஒரு ஆளுக்கான காய் பையில் இருக்கும். ஒரு பீட்ரூட், நாலு பீன்ஸ்.

மூன்று வருடம் கழித்து, ஜூலை மாதக் குளிரில் நெஞ்சுச் சளி கட்டி, அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஐந்து நாள் அங்கே இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஈரோட்டிலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். அப்படி ஒரு தம்பி இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். எரிக்கும்போது எட்டுப் பேர் இருந்தோம். இத்தனை வருடமாக அவர் கையெழுத்தைக் கவரில் பார்த்தவர்கள் மலை முழுக்க இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வழி இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்கு வாசகம் எழுதித்தரச் சொல்லி அந்தத் தம்பி என்னிடம் வந்தார். பெயர், வயது, வேலை பார்த்த இடம் எல்லாம் எழுதினேன். வலிப்பு நோய் உள்ளவர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர் என்று எழுதினேன். தம்பி வாசித்துவிட்டுத் தயங்கினார்.

"சார், இது மட்டும் வேண்டாமுங்க. எனக்கு ரெண்டு பொண்ணுக. மூத்தவளுக்குப் பாத்துட்டு இருக்கறம். அத்தைக்கு அப்படின்னு தெரிஞ்சா..." என்றார்.

எனக்குப் புரியாமல் இல்லை. நானும் அப்படி ஒரு பெண்ணுக்கு அப்பன். அந்த வரியை அடித்தேன். 'அனைவரிடமும் அன்பாகப் பழகியவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இதிலும் அவர் பெயரைப் போடவில்லை.

சுமதி அப்போது கோயமுத்தூரில் வேலையில் இருந்தாள். விஷயம் கேட்டு வந்து ஒருநாள் தங்கினாள். திங்கட்கிழமை காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். சுவரில் அந்த நோட்டீஸ் ஈரத்தில் ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, உரிந்த பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"யாரு எழுதினதுப்பா?"

"நான்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை எடுத்தாள்.

"அக்காவா இருந்தா இதைப் போட்டிருக்கமாட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினாள்.